சாய்ஸில் இல்லாத பதில்

என் முப்பத்திரண்டாவது வயதில் ஒரு சாவுக்காக அரை நாள் லீவு போட்டேன். செத்தவன் ஒரு குள்ளன். கையில் கோடரி வைத்திருப்பான். கம்ப்யூட்டருக்குள் இருந்தான்.

லீவு லெட்டரில் 'நெருங்கிய ஒருவரின் மறைவு' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. பல மாதங்களாக மதிய சாப்பாட்டு நேரமெல்லாம் அவனோடுதான் கழிந்தது. ஒன்றுக்கும் உதவாத பயலாக என்னோடு ஓர் இருட்டுக் குகைக்குள் நுழைந்தவன், அடிபட்டு உதைபட்டு, ஒவ்வொரு படியாக ஏறி, ஏழாவது படிக்கு வந்திருந்தான். ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் திறந்தான். உள்ளே விஷம். அந்த விளையாட்டில் செத்தவன் செத்தவன்தான். என் வீட்டில்கூட யாரும் நான் சொன்னதை அவ்வளவு உடனே செய்ததில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

எங்கள் மேனேஜர் ஞானராஜ் சார் லெட்டரைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த வகையில சொந்தம்?"

"தூரத்துச் சொந்தம் சார்."

"வயசு?"

குள்ளர்கள் முந்நூறு வருஷம் இருப்பார்கள் என்று விளையாட்டுக் கேசட்டோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. "ஆயிடுச்சு சார்" என்றேன்.

அவர் சர்ச்சில் பெரிய பொறுப்பில் இருந்தவர். மேஜைமேல் கைகளைக் கோத்து, கண்ணை மூடி, துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஆறுதல் வேண்டி ஜெபம் செய்தார். நானும் தலையைக் குனிந்து நின்றேன். முறையாக ஜெபம் செய்து வழியனுப்பப்பட்ட கம்ப்யூட்டர் குள்ளன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் தங்கை மகள். பாகாயத்தில் ஒரு வீட்டு மாடியில் வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அங்கே ஒரு சண்டை. அவர்கள் செய்துகொண்டிருக்கும் விளையாட்டு ஆர்.பி.ஜி.யா இல்லையா என்று. நாம் ஒரு வேடம் ஏற்று ஆடும் விளையாட்டு என்பதைத்தான் மூன்று எழுத்தாகச் சுருக்கியிருக்கிறார்கள். ஆளுக்குப் பலம், புத்தி என்று எண்கள் இருந்து, ஆட ஆட அவை ஏறினால் போதும் என்றான் ஒருவன். அப்படிப் பார்த்தால் இன்றைக்குக் கால்பந்து விளையாட்டில்கூட எண் ஏறுகிறது, அதுவும் ஆர்.பி.ஜி.யா என்றாள் இன்னொருத்தி. கதைதான் முக்கியம் என்று ஒரு கட்சி. முடிவெடுப்பது நாமாக இருக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. தங்கை மகள் சும்மா இருக்காமல், "எங்க மாமா அந்தக் காலத்திலேயே ஆம்பூர் தோல் டேனரில இதைச் செஞ்சிருக்காரு" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் டீயும் முந்திரி பிஸ்கட்டும் கொடுத்து, எழுதித் தரச் சொன்னார்கள். பிஸ்கட் கொடுத்தால் நான் எதையும் எழுதுவேன்.

எங்களுடையது குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பம். தறியில் உட்கார வைத்தால் நூலை விட்டுவிட்டுப் புத்தகம் படிக்கிறான் என்று என்னை டைப்ரைட்டிங் கிளாசுக்குத் துரத்தினார்கள். ஹையர் பாஸ் செய்தேன். எழுபதுகளின் நடுவில் ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கடிதங்கள் அடிக்கும் வேலை. முதல் வாரம் நாற்றத்தில் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது வாரம் நாற்றம் தெரியவில்லை. மூன்றாவது வாரம் பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பயிற்சி முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். பிறகு டெலக்ஸ் வந்தது, வெளிநாட்டில் அடிப்பதை இங்கே அப்போதே தாளில் அடித்துத் தரும் மெஷின். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் அதில் எங்களைத் திட்டுவார்கள். திட்டைக் கிழித்து ஞானராஜ் சார் மேஜையில் வைப்பேன். அவர் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கி இறக்கிப் படிப்பார். கடைசி வரி வரைக்கும் முகத்தில் ஒன்றும் தெரியாது. முடிந்ததும் ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டு. பதிலை அப்படியே சொல்ல ஆரம்பிப்பார். ஒரு வார்த்தை அடித்துத் திருத்தியதில்லை.

எண்பதுகளில் சின்ன முதலாளி வெளிநாட்டில் தோல் படிப்பு முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார். கீபோர்டு மட்டும்தான் இருந்தது. அதை டி.வி.யோடு சேர்க்க வேண்டும். ஞாபகசக்திக்கு ஒரு டேப் ரெக்கார்டர். கேசட்டைப் போட்டால் ஆட்டைப் பாதி அறுத்து விட்ட மாதிரி ஒரு கத்தல் கத்தும். கத்தி முடித்தால் விளையாட்டு வரும். அதில் ஒன்றுதான் மேலே சொன்ன குகை. இங்கிலீஷ் படிக்கிறவன் என்பதால் கூட வந்த புத்தகத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. அப்படித்தான் குள்ளன் அறிமுகமானான்.

குள்ளன் போன கொஞ்ச நாளில் சின்ன முதலாளி கூப்பிட்டார். "சேல்ஸுக்கு வர்ற பசங்க தொழில் கத்துக்க வருஷக்கணக்காவுது. இந்தக் குகை மாதிரியே நம்ம வியாபாரத்தை வெச்சு ஒண்ணு எழுதேன். ஆடியே கத்துக்கட்டும்."

மேற்பார்வை ஞானராஜ் சார். அவருக்கு அந்த மெஷினே பிடிக்காது. ஆனால் பொறுப்பு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் பிடித்தது பிடிக்காதது பார்க்க மாட்டார்.

"மொதல்ல இது இன்னான்னு சொல்லுப்பா. சீட்டும் விளையாட்டுதான், செஸ்ஸும் விளையாட்டுதான். இது எதுல வேற?"

யோசித்துச் சொன்னேன். "செஸ்ல குதிரை எத்தனை ஆட்டம் ஆடினாலும் அதே குதிரைதான் சார். இதுல நம்ம ஆள் ஆட ஆட வேற ஆளா மாறுறான். கண்ணு எவ்வளவு, பேச்சு எவ்வளவுன்னு அவனுக்கு மார்க் இருக்கும். செய்யற காரியத்துக்குத் தக்கபடி அது ஏறும், இறங்கும்."

"மேல போனா படி ஏத்துவீங்க?"

"ஆமா சார்."

"இது கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்ப்பா. வருஷா வருஷம் உங்களுக்கெல்லாம் நான் எழுதறேனே, அது." சற்று நிறுத்தி, "அதைப் போய் விளையாட்டுன்னு எவன் கண்டுபிடிச்சான்?" என்றார்.

எனக்குத் தெரிந்து இன்று வரை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

எழுதினேன். ஆடுகிறவன் ஒரு விற்பனை ஆள். அவனுக்கு ஆறு குணங்கள்: கண், கை, நாக்கு, பொறுமை, பெயர், வயிறு. வயிறு எதற்கென்றால், வாங்குகிறவர்களோடு உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவதையெல்லாம் சாப்பிட வேண்டும். முதலில் பதனிடாத பச்சைத்தோல் சந்தை, அங்கே புரோக்கர்களைச் சமாளித்தால் மெட்ராஸில் ஓட்டல் அறை, அங்கே வாங்க வந்தவர்களைச் சமாளித்தால் வெளிநாட்டுக் கண்காட்சி. ஒவ்வொரு ஆளும் ஒரு கேள்வி கேட்பான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பதில்கள் வரும். ஒன்றை அழுத்த வேண்டும். ஆம்பூர் கரண்ட் என் பேரில் தனி அக்கறை வைத்திருந்தது. எழுதி முடித்து, கேசட்டில் ஏற்றலாம் என்று எழுந்தால் போய்விடும். முழுவதையும் மறுபடி அடிப்பேன். குள்ளன் கதிதான் என் புரோகிராமுக்கும்.

முடிந்ததும் ஆபீஸே அதில் விழுந்தது. அங்கேதான் நான் ஒன்று கண்டேன். பாகாயத்துப் பிள்ளைகள் இன்று ஆர்.பி.ஜி.யில் வகை வகையாகப் பிரித்துப் பேர் வைத்திருக்கிறார்களே, அத்தனை வகையும் எங்கள் ஆபீஸில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது. சின்ன முதலாளிக்குப் பொறுமை கிடையாது. "எதிராளி கேட்டா சட்டுனு பதில் அழுத்தணும், லேட்டானா அவன் எழுந்து போய்டணும், அப்பத்தான் ஜாலி" என்பார். அதற்கு இன்று ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. என்று பேர். ஞானராஜ் சாருக்கு அவர் ஒரு முறை, எதிராளி ஒரு முறை என்று வரிசையாகப் போக வேண்டும். நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் எதிராளி காத்திருக்க வேண்டும். கேஷியர் எந்தச் சண்டைக்கும் போக மாட்டார். சந்தையில் எத்தனை சந்து இருக்கிறது என்று தாளில் படம் போட்டுக்கொண்டே திரிவார். குகையைத் துருவுகிற ஜாதி.

ஷிப்பிங் பார்த்த தனபால் வேறு விதம். முதல் சந்தையில் நான் ஒரு நோஞ்சான் புரோக்கரை வைத்திருந்தேன். புதிதாக வருகிறவன் பயப்படக் கூடாது என்று. தனபால் மேலே போகவே இல்லை. அந்தப் பாவப்பட்டவனையே திரும்பத் திரும்ப மடக்கினான். ஒவ்வொரு தடவையும் ஒரு துளி மார்க். துளித்துளியாகச் சேர்த்து, ஒன்பதாம் படிக்கு ஏறிவிட்டுத்தான் மெட்ராஸுக்கு ரயில் ஏறினான். "தனபாலு, அவனை விட்டுடுய்யா, புள்ளைகுட்டிக்காரன்" என்று கேஷியரே சொன்னார். இதற்கும் இப்போது ஒரு பேர் இருக்கிறதாம், அரைப்பது என்று.

மிச்சம் இருந்தது இஸ்மாயில். தோலைத் தரம் பிரிக்கும் அசார்ட்டிங் ஷெட்டில் பல வருஷமாக இருந்தவன். தோலைப் பார்த்துப் பார்த்து எந்த மனுஷனைப் பார்த்தாலும் முதலில் தழும்பைத்தான் பார்ப்பான். சேல்ஸுக்கு வர வேண்டும் என்பது அவன் ஆசை. வருஷத்துக்கு ஒருமுறை வெளிநாட்டுத் தோல் கண்காட்சிக்கு முதலாளியோடு ஓர் ஆள் போவார். போனவன் திரும்பி வந்தால் சேல்ஸ். அதுதான் எங்கள் கம்பெனி வழக்கம். முந்திய இரண்டு தடவையும் முதலாளியின் மச்சான் போனார். இந்தத் தடவையும் தவறினால் இஸ்மாயிலை ஷெட்டுக்கே மேஸ்திரியாகப் போட்டுவிடுவதாகப் பேச்சு. மேஸ்திரி ஆகிவிட்டால் ரிட்டயர் ஆகும் வரை அந்த ஷெட்தான். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்திருந்தான். அவன் அம்மா தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

இந்த நேரம் பார்த்துச் சின்ன முதலாளி அறிவித்தார். "இந்தத் தபா சிபாரிசு கிடையாது. மச்சான் கிடையாது. அந்த கேம்ல யார் ஜாஸ்தி லெவல் எடுக்கிறாங்களோ அவங்க என்கூட வர்றாங்க. மெஷின் பொய் சொல்லாது."

மெஷினுக்குள் உட்கார்ந்திருந்தது நான். அதை அவருக்கு யார் சொல்வது?

பெயர் கொடுத்தது இரண்டே பேர், தனபாலும் இஸ்மாயிலும். இஸ்மாயில் மதிய நேரங்களில் வந்து பழகினான். ஒவ்வொரு தடவையும் மெட்ராஸ் ஓட்டல் அறையிலேயே தோற்றான். அங்கே வாங்குகிறவர் கேட்பார்: 'இந்தச் சரக்கில் குறை உண்டா?' உண்டு என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு. பேச்சை மாற்ற மூன்று. எழுந்து போக நான்கு. இஸ்மாயில் ஒன்றைத்தான் அழுத்துவான். ஒன்றை அழுத்தினால் பெயர் கொஞ்சம் ஏறும், ஆர்டர் போய்விடும், ஆட்டம் முடியும். அப்படித்தான் எழுதியிருந்தேன். நான் படித்த கதைகளில் வந்த வியாபாரிகளெல்லாம் அப்படித்தான் இருந்தார்கள்.

"இஸ்மாயிலு, இது நீ இல்லப்பா. வேற ஒரு ஆளு. வேஷம். ரெண்டை அழுத்து."

"வேஷம்தாண்ணா. ஆனா அந்த ஆளுக்கு நான் என் பேரைத்தானே கொடுத்திருக்கேன்."

"அப்போ பேரை மாத்திக்கோ."

"மாத்திட்டா போகப்போறது யாரு?"

கேசட்டை மறுபடி முதலிலிருந்து போட்டுக் கொடுத்தேன்.

போட்டி நாளன்று ஞானராஜ் சார் அறையைப் பரீட்சை ஹால் ஆக்கிவிட்டார். டி.வி.யைச் சுவரோரம் தள்ளி, எதிரே ஒற்றை நாற்காலி. முந்தின நாளே ஜெனரேட்டருக்குச் சொல்லி, ஸ்டெபிலைசர் கடன் வாங்கி, கேசட்டை இரண்டு தடவை கத்தவிட்டுப் பார்த்திருந்தார். ஒருவன் ஆடும்போது இன்னொருவன் வராந்தாவில் இருக்க வேண்டும். ஆடுகிறவனிடம் யாரும் பேசக் கூடாது, இருமக்கூட வெளியே போய்த்தான். ஆரம்பிக்க ஸ்கேலால் ஒரு தட்டு, முடிக்க ஒரு தட்டு.

தனபால் உட்கார்ந்தான். நோஞ்சான் புரோக்கரை அரைத்தான். எழும்போது ஒன்பதாம் படியும் கண்காட்சியில் ஓர் ஆர்டரும் இருந்தது. சின்ன முதலாளி கை தட்டினார்.

இஸ்மாயில் வந்தான். சந்தையைச் சுலபமாகத் தாண்டினான். ஓட்டல் அறை வந்தது. கேள்வி வந்தது. அவன் கை இரண்டுக்கு மேலே போய் நின்றது. எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டான். மறுபடி போனது. ஒரு விரல் அசைவில் அவன் வாழ்க்கை முழுதும் ஷெட்டா, சேல்ஸா என்று முடிவாகப் போகிறது. கேள்வியை எழுதினவன் நான்.

அவன் திரும்பினான். "சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"குறை இருக்கு, ஆனா நான் போயி சரக்கை மறுபடி பிரிச்சு, நல்லதை மட்டும் கொண்டாறேன்னு ஒரு பதில் இதுல இல்லையே சார்?"

ஞானராஜ் சார் திரையைப் பார்த்தார். ஸ்கேலை எடுத்து நான்கு பதில்களுக்கும் அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன்பா இல்ல?"

"மெமரி பத்தாது சார். நாலு பதிலுக்கு மேல அது தாங்காது."

உண்மைதான். ஆனால் எனக்கு அது தோன்றவும் இல்லை என்பது அதைவிட உண்மை.

"எஸ்.எஸ்.எல்.சி.ல கேள்வி தப்பா வந்தா இன்னா பண்ணுவாங்க?"

"கிரேஸ் மார்க் போடுவாங்க சார்."

"சார், மெஷின்ல கிரேஸ் மார்க் போட முடியாது" என்றார் சின்ன முதலாளி.

"அப்போ மெஷினை நிறுத்துங்க."

நிறுத்தினேன். ஞானராஜ் சார் தன் நாற்காலியை இழுத்து இஸ்மாயிலுக்கு எதிரே போட்டார். ஷெட்டிலிருந்து ஒரு கட்டுத் தோல் வரவழைத்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பேனா மூடியால் தோலைத் தட்ட ஆரம்பித்தார். யாரைப் போல என்று எங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்களிடம் வாங்குகிறவர்களிலேயே கெடுபிடியான ஒரு வெள்ளைக்காரர் உண்டு. வருஷத்தில் ஒரு தடவை வந்து இப்படித்தான் தட்டுவார். அத்தனை வருஷம் அந்த ஆளின் திட்டையெல்லாம் வரி வரியாகப் படித்த ஞானராஜ் சாருக்கு அவரை வரவழைப்பது ஒரு சிரமமா?

"இந்தச் சரக்கில் குறை உண்டா?" என்றார் இங்கிலீஷில்.

"உண்டு சார்" என்றான் இஸ்மாயில். "உண்ணி கடிச்ச தழும்பு இருக்கு. பிரிச்சுத் தர்றேன். நாள் ஆகும்."

"நாள் இல்லை. கப்பல் போய்விடும்."

"அடுத்த கப்பல்ல அனுப்பறேன்."

"அடுத்த கப்பலுக்குள் என் சீசன் முடிந்துவிடும். இப்படியே அனுப்பு, விலையில் பார்த்துக்கொள்கிறேன்."

"இப்படியே அனுப்ப மாட்டேன் சார்."

ஞானராஜ் சார் விடவில்லை. தட்டினார், முறைத்தார், கேட்டதையே மூன்று விதமாகக் கேட்டார். முதலில் இருவரும் இங்கிலீஷில்தான் பேசினார்கள். சூடு ஏற ஏற இருவருமே ஆம்பூருக்கு வந்துவிட்டார்கள்.

"நீ இன்னா எனக்குச் சொல்றது? வாங்கறவன் நானா நீயா?"

"வாங்கறவரு நீங்கதான். சரக்கு என்து. இதைக் கொடுத்துட்டு நாளைக்கு உங்க மூஞ்சில நான் முழிக்கணும். போற கப்பல் போவட்டும், பேஜார் பண்ணாதீங்க!"

சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. எழுந்து நின்றுவிட்டான். எங்கள் ஆபீஸில் ஞானராஜ் சாரிடம் யாரும் குரலை உயர்த்தியதில்லை. சின்ன முதலாளியே ஓர் அடி பின்னால் போனார்.

ஞானராஜ் சார் வெள்ளைக்காரர் முகத்தை மாற்றாமலே, "அடுத்த ஆள்" என்றார்.

தனபால் வந்து உட்கார்ந்தான். அதே கேள்வி. தனபால் சுற்றிலும் பார்த்தான். டி.வி.யைப் பார்த்தான். அது இருட்டாக இருந்தது.

"சாய்ஸ் இன்னா சார்?"

"சாய்ஸ் இல்லப்பா."

"அப்போ… ரெண்டு சார்."

"ரெண்டுன்னா இன்னான்னு வாயால சொல்லு."

சொன்னான். நன்றாகவே சொன்னான், அவன் நாக்கு அப்படி. ஞானராஜ் சாரும் தலையாட்டினார்.

"என்ன சார், யாருக்கு ஆர்டர்?" என்றார் சின்ன முதலாளி.

"தனபாலுக்குத்தான் கொடுப்பேன். இஸ்மாயில்கிட்ட வாங்கினா பேஜார்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஆனா தனபால் அனுப்பற சரக்கு ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பார்ப்பேன். இஸ்மாயில் அனுப்பினா கட்டைக்கூட அவுக்க மாட்டேன். எது வேணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. நான் வாங்க வந்தவன்."

சின்ன முதலாளி அந்தத் தோலை மறுபடி கட்டி ஓரமாக வைத்தார். பிறகு இஸ்மாயிலிடம் குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டார்.

ஆகவே பாகாயத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எண் ஏறுவது, படி ஏறுவது, குகை, கதை, வேகம், வரிசை எல்லாம் வேண்டும், வகை பிரிக்க உதவும். ஆனால் ஆடுகிறவன் எப்போது நம் நான்கு பதில்களையும் பார்த்துவிட்டு, ஐந்தாவது ஒன்று ஏன் இல்லை என்று கேட்கிறானோ, அப்போதுதான் அவன் வேடத்துக்குள் போயிருக்கிறான். அதற்கு முன்னால் அவன் பட்டன் அழுத்துகிறான். இதை அவர்களிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். தனபால் கதையையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவன் பிற்பாடு வேலையை விட்டுவிட்டு ராணிப்பேட்டையில் ஒரே ஒரு ரசாயனத்தை ஒரே விதமாக வருஷக்கணக்காக விற்று, இன்று எங்கள் எல்லாரையும்விட வசதியாக இருக்கிறான். அரைப்பதை லேசாகச் சொல்லக் கூடாது.

இஸ்மாயில் கண்காட்சியிலிருந்து திரும்பி வந்தபோது ஆபீஸே சூழ்ந்துகொண்டது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"அந்தப் பேனா மூடி ஆளு வந்தாரா?"

"வந்தாருண்ணா. சின்ன முதலாளியை விட்டுட்டு நேரா என்கிட்டதான் வந்தாரு."

ஞானராஜ் சார் டெலக்ஸிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இன்னா கேட்டாரு?"

"டாய்லெட் எந்தப் பக்கம்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க சார் சொல்றது? காலையில இருந்து நானே அதைத்தான் தேடினு இருந்தேன்."